செத்த காலேஜும் எங்க ஊர்ச் சாமியும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

கரையான்சாவடியில் என் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். நடுவில் பஸ் ஹார்ன் கேட்டால் பொறுத்துக்கோங்க. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மெயின் ரோடு. வேற வழி இல்லை.

இன்றைக்குப் பேசப்போவது எழும்பூர் மியூசியத்தைப் பற்றி. மியூசியம்னா அந்தச் சிவப்புக் கட்டடம் மட்டும் இல்லை. அதே காம்பவுண்டில் இருக்கிற கன்னிமாரா நூலகம், மியூசியம் தியேட்டர், நடுவில் இருக்கிற மரங்கள், எல்லாவற்றையும் ஒரே இடமாக வைத்துத்தான் பேசப்போகிறேன். ஏன்னா முதலில் அது ஒரே இடம்தான். ஒரு தனி ஆளுடைய தோட்டம். 43 ஏக்கர்.

என் தாத்தா அதை மியூசியம் என்று சொன்னதே கிடையாது. அவருக்கு அது "செத்த காலேஜ்". மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூட லீவு விட்டால், "செத்த காலேஜா, உயிர் காலேஜா? ஒண்ணுதான், சொல்லு" என்பார். நான் எப்பவும் உயிர் காலேஜ்தான் கேட்பேன். எந்தப் பையன் செத்த காலேஜ் கேட்பான்?

அது ஏன் காலேஜ்னு ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. மியூசியம் முதலில் ஆரம்பித்தது எழும்பூரில் இல்லை, நுங்கம்பாக்கத்தில், 1851-ல். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று கம்பெனி அதிகாரிகளுக்கு நம்ம மொழிகளைச் சொல்லிக்கொடுத்த இடம் ஒன்று இருந்தது. அதன் மாடியில்தான் ஆரம்பித்தார்கள். காலேஜ் ரோடு என்று இன்னமும் சொல்கிறோமே, அந்தக் காலேஜ். மியூசியம் அங்கிருந்து கிளம்பி எழும்பூர் வந்த பிறகும் ஜனங்கள் வாயில் காலேஜ் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

சரி, அந்தத் தோட்டத்துக்கு வருவோம்.

1778 ஆகஸ்டில் ஹால் ப்ளமர் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்கு மெட்ராஸ் கவர்னர் அந்த 43 ஏக்கரைக் கொடுத்தார். ப்ளமர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அரசாங்கக் கட்டட வேலைகளைக் காண்ட்ராக்ட்டும் எடுத்தவர். ரெண்டும் ஒரே ஆள். இன்றைக்கு அதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் அன்றைய கம்பெனியில் அது சாதாரணம். கோட்டைக்குள் நெருக்கடி, வெயில், காய்ச்சல். அதனால் கொஞ்சம் காசு பார்த்தவன் எல்லாம் கோட்டைக்கு வெளியே தோட்ட வீடு கட்டிக்கொண்ட காலம் அது. சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், எழும்பூர், அடையாறு என்று இன்று நாம் சொல்லும் பாதி இடங்கள் அப்போது இப்படித் துண்டு துண்டாக யாரோ ஒரு துரையின் தோட்டமாக இருந்தவைதான்.

1793-ல் ப்ளமர் அந்த இடத்தை 24 பேர் கொண்ட ஒரு கமிட்டியிடம் ஒப்படைத்தார். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்களின் கேளிக்கைகளை நடத்திவந்த கமிட்டி அது. விருந்து, நடனம், நாடகம் எல்லாம் அங்கே. "பாந்தியன்" என்று பேர். லண்டனில் 1772-ல் இதே மாதிரி ஒரு கேளிக்கை மண்டபம் இதே பேரில் திறந்திருந்தார்கள். எழும்பூரில் இருக்கிற பாந்தியன் சாலை என்ற பேர் அங்கிருந்து வந்ததுதான். நான் காலேஜ் படிக்கிற வரைக்கும் அதைப் பாண்டியன் சாலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போர்டில் எழுத்துப்பிழை என்று வேற நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

1821-ல் கமிட்டி பிரதான வீட்டையும் நடுத் தோட்டத்தையும் மூரட் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்றுவிட்டது. ஆர்மீனியர்கள் மெட்ராஸுக்குச் செய்தது தனி எபிசோடுக்கு ஆகும். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க மர்மலாங் பாலம் கட்டியவர் உஸ்கான் என்ற ஆர்மீனியர். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அச்சானது இந்த ஊரில்தான், 1794-ல். அதை அப்புறம் பார்ப்போம். மூரட் அந்தத் தோட்டத்தை ஒன்பது வருஷம் வைத்திருந்துவிட்டு 1830-ல் அரசாங்கத்துக்கே திருப்பி விற்றார்.

இந்த 1830-ஐக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்கோங்க. அரசாங்கம் அதை வாங்கியபோது யாரும் மியூசியத்தையோ நூலகத்தையோ நினைக்கவில்லை. கலெக்டர் கச்சேரிக்கு இடம் வேண்டியிருந்தது, வாங்கினார்கள், அவ்வளவுதான். நடனமாடின கூடத்தில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வரிக்கணக்கு எழுதினார்கள். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டிருந்தால், அது இன்னொரு வணிகர் கைக்குப் போய், அவர் பிள்ளைகள் பாகம் பிரித்து, இன்றைக்கு அங்கே நாற்பது அபார்ட்மெண்ட் நின்றிருக்கும். பெரிய நோக்கம் எதுவும் இல்லாமல் வாங்கிப்போட்ட ஒரு இடம்தான் பின்னால் எல்லாருக்கும் ஆனது. 43 ஏக்கரில் இன்றைக்கு மியூசியத்திடம் இருப்பது 16 ஏக்கர் சொச்சம். மிச்சம்தான் சுற்றி இருக்கிற எழும்பூர்.

1854 டிசம்பரில் நுங்கம்பாக்கத்திலிருந்து மியூசியம் இங்கே குடிவந்தது. பொறுப்பில் இருந்தவர் டாக்டர் எட்வர்ட் பால்ஃபோர். கவர்னரின் மெய்க்காவல் படைக்கு டாக்டர். மியூசியத்தின் முதல் சொத்து என்ன தெரியுமா? மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி சேர்த்து வைத்திருந்த சுமார் 1,100 பாறைத் துண்டுகள். கல். கல்லைப் பார்க்க யார் வருவாங்க? பால்ஃபோர் புத்திசாலி. ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தைக் குட்டியும் உயிரோடு வைத்துப் பார்த்தார். கூட்டம் அள்ளியது. உடனே ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கிவந்து, 1855-ல் அந்தத் தோட்டத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்துவிட்டார். ஒரே வருஷத்தில் முந்நூறுக்கு மேல் உயிர்கள். 1863-ல் அது இடம் மாறி பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கிருந்து 1985-ல் வண்டலூர்.

அப்போ செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். தாத்தாவுக்கு இது தெரியாது. ஆனால் பேர் வச்ச ஜனங்களுக்குத் தெரிந்திருக்கு பாருங்க.

இதுவரை சொன்னது கட்டடத்தின் கதை. அதற்குள்ளே இருக்கிற பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் என்னைப் பல வருஷமாக உறுத்துகிற விஷயம்.

அமராவதி சிற்பங்களை எடுத்துக்குவோம். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. 1845-ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். வந்த கற்கள் வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்தன. 1859-ல் அதில் ஒரு பெரிய பங்கு கப்பல் ஏறி லண்டன் போய்விட்டது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிறகு ராபர்ட் சூவெல், ஜேம்ஸ் பர்ஜெஸ் என்று அடுத்தடுத்து தோண்டியவர்கள் எடுத்த பலகைகள்தான் எழும்பூரில் மிஞ்சின. அவற்றைப் பத்திரப்படுத்துகிறேன் என்று அப்போதைய மியூசியத் தலைவர் பிடி சிமெண்ட் பூசிச் சுவரில் பதித்துவிட்டார். பர்ஜெஸ் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துச் சிற்பத்தை பாத்ரூம் டைல்ஸ் மாதிரி ஒட்டியிருக்கிறார்கள் என்று நான் சொன்னால், என் கூட வந்த நண்பருக்குக் கோபம் வந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நல்ல எண்ணத்தில் செய்ததால் சரி என்று ஆகிவிடுமா?

அதே கட்டடத்தில் உட்கார்ந்து 1885 முதல் 1908 வரை தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்து ஜாதிவாரியாகக் குறித்துக்கொண்டார். ஏழு தொகுதியாக 1909-ல் புத்தகமும் வந்தது. அதில் இருக்கிற பழக்கவழக்கச் செய்திகளை ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் புரட்டுகிறார்கள். மூக்களவை யாரும் நம்புவதில்லை. மியூசியம் பார்க்க வந்தவனையே ஒரு காட்சிப்பொருளாக ஆக்கின காலமும் அந்தத் தோட்டத்துக்கு உண்டு என்பதைச் சொல்லாமல் போக முடியாது.

இப்போ என் அத்தை கதைக்கு வருகிறேன். அப்பாவுடைய அக்கா. கட்டிக்கொடுத்தது திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கரையான்சாவடியிலிருந்து திருவள்ளூர் போய், அரக்கோணம் பாதையில் ரயில் பிடித்தால் வரும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர், ஐந்து சபைகளில் ரத்தின சபை. அத்தை தினம் கோயிலுக்குப் போகிற ஆள்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பொங்கல் லீவில் அத்தை இங்கே வந்திருந்தார். "இன்னாடா, எங்கயாவது கூட்டினு போயேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலை, மியூசியம் போகலாம் என்றேன். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு லீவு என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார் என்று ஏற்கெனவே அவரிடம் சொல்லிவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமிக்கு லீவு உட்றானா?" எனக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனோம்.

திருவாலங்காட்டு நடராசரை நீங்கள் நேரில் பார்த்திருக்காவிட்டாலும் படத்தில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். சோழர் காலத்து வெண்கலம். பாரிஸில் இருந்த ஓகுஸ்த் ரொதான், 'சிந்தனையாளன்' சிலை செய்தவர், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்த நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1921-ல், அவர் இறந்த பிறகு, அது அச்சில் வந்தது. சிலையின் தொடையையும் தோளையும் பற்றி ஒரு சிற்பி இன்னொரு சிற்பியின் வேலையைத் தடவிப் பார்ப்பது போல எழுதியிருப்பார்.

இந்த மாதிரி வெண்கலங்கள் மியூசியத்துக்கு வந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். படையெடுப்புக்குப் பயந்தோ வேறு எதற்கோ மண்ணில் புதைத்து வைத்திருப்பார்கள். நூற்றாண்டுகள் கழித்து யாரோ கிணறு வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ மண்வெட்டி "டங்"னு இடிக்கும். 1878-ல் வந்த புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். கலெக்டரிடமிருந்து மியூசியத்துக்கு. பல நூறு தெய்வங்கள் இப்படித்தான் எழும்பூர் வந்து சேர்ந்தன.

வெண்கலக் கூடத்துக்கு வெளியே அத்தை செருப்பைக் கழற்றினார். "அத்தே, இங்க செருப்பு போட்டுக்கலாம்" என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் அந்த நடராசர் முன்னால் நின்றார். கை கூப்பவில்லை. ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். எங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், டீச்சர் "வரிசை, வரிசை" என்று கத்திக்கொண்டிருந்தார். அத்தை அங்கே நின்ற காவலாளியிடம் போய்க் கேட்டார்.

"ஏம்பா, இவருக்கு யாரு வெளக்கு போட்றாங்க?"

அந்த மனிதர் சிரிக்கவில்லை. "காலைல ஒம்பதரைக்கு நாங்கதாம்மா லைட் போடுவோம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஆஃப் பண்ணிருவோம்" என்றார்.

"தெனமுமா?"

"வெள்ளிக்கெழம தவிரம்மா."

அத்தை தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னார்: "ஊர்ல இருந்தா அலங்காரம் பண்ணி, துணி சுத்தி, பூ போட்டு மூடிருப்பாங்க. காலு, இடுப்பு, ஒண்ணும் தெரியாது. இங்க முழுசா தெரியறாரு." அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "ஆனா தனியா இருக்காரு" என்றார்.

சிலைகளை ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புக்கு மியூசியம்தான் சரி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கோயில்களிலிருந்து திருடுபோய் அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை விலைக்குப் போன சிலைகளை நினைத்தால் எனக்கு இரண்டாவது கட்சி பக்கம் மனசு சாய்கிறது. அத்தையை நினைத்தால் முதல் கட்சி. நான் இரண்டு பக்கமும் முழுசாக இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: டிக்கெட் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய் நின்று, எங்க ஊர்ச் சாமிக்கு யார் விளக்கு போடுறாங்க என்று கேட்க முடிகிற தூரத்தில் அவர் இருக்கிறார். லண்டனில் இருக்கிற அமராவதிக் கல்லிடம் குண்டூர்க் கிழவி ஒருத்தி போய் அப்படிக் கேட்க முடியாது.

சாமி மட்டும் இல்லை, எங்கள் மாவட்டத்து மண்ணும் அங்கே இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் முதலில் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் பூண்டிக்கு அந்தப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய. கொசஸ்தலையாற்றங்கரையில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அத்திரம்பாக்கத்தின் கோடாரிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஃபூட் ஆயுள் முழுக்கச் சேர்த்த தொகுப்பு 1904-ல் எழும்பூர் மியூசியத்துக்கு வந்தது. அந்தக் கற்களுக்கு முன்னால் ஒருத்தரும் நிற்பதில்லை. திமிங்கல எலும்புக்கூட்டுக்குத்தான் கூட்டம். பால்ஃபோர் காலத்திலிருந்தே கல்லுக்கு அந்த கதிதான்.

அடுத்தது கன்னிமாரா. நூலகமும் மியூசியத்தின் வயிற்றில் பிறந்ததுதான். கம்பெனி அதிகாரிகளைத் தயார்செய்த ஹெய்லிபரி கல்லூரி இங்கிலாந்தில் 1858-ல் மூடப்பட்டது. அங்கே தேவைக்கு மேல் இருந்த புத்தகங்கள் 1861-ல் மெட்ராஸுக்கு வந்தன. மியூசியத்தில் பால்ஃபோருக்கு அப்புறம் வந்த மிட்செல் அதற்கு ஒரு வருஷம் முன்புதான் சின்னதாக ஒரு நூலகம் தொடங்கியிருந்தார். மீந்த புத்தகத்தில் வளர்ந்த நூலகம் அது. பிறகு கவர்னர் கன்னிமாரா பிரபு 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார், 1896 டிசம்பர் 5-ல் திறந்தார்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம். கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்கில் ஒரு பகுதியின் பேர். நம்ம வாயில் அது கன்னிமார் சாமி மாதிரி ஆயிடுச்சு. நான் தினமும் "கன்னிமாரா போறேன்" என்று கிளம்பும்போது, "தெனம் கோயிலுக்குப் போற புள்ளையா இவன்" என்று எதிர்வீட்டு ஆயா ரொம்ப நாள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

1999-லிருந்து கிட்டத்தட்ட மூணு வருஷம் போனேன். டிகிரி முடித்து வேலை இல்லை, குரூப் தேர்வுக்குப் படிப்பு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் நேராக எழும்பூர் பக்கம். சுமார் 20 கிலோமீட்டர். அந்த ரோட்டுக்கு எங்க ஊர்ப் பேர், அந்த ரோடு கொண்டுபோய் விடுகிற இடம் கன்னிமாரா. அப்போது அப்பாவுக்கு டெய்லர் கடையில் வருமானம் குறைந்துகொண்டே வந்தது. அம்மா பஸ்ஸுக்கும் டீக்கும் எண்ணிக் கொடுப்பார். வாசலில் பையை வைத்துவிட்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனால் ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி. திருத்தணியிலிருந்து, செங்கல்பட்டிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த வயசில், வேலை இல்லாதவனை யாரும் எதுவும் கேட்காத ஒரு இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நான் தேர்வில் பாஸாகவில்லை. ஆனால் இன்றைக்கு இந்த மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதற்குக் காரணம் அந்த மூணு வருஷம் தேர்வுக்குப் படிக்காமல் படித்த மற்ற புத்தகங்கள்.

1954-ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும் 30 நாளுக்குள் ஒரு பிரதியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், வேறு சில நூலகங்களுக்கும் இலவசமாக அனுப்ப வேண்டும். அந்தச் சில நூலகங்களில் ஒன்று கன்னிமாரா. எல்லாரும் ஒழுங்காக அனுப்புவதில்லை, அது வேற. எங்க பள்ளிக்கூடத் தமிழ் ஐயா அனுப்பியிருக்கிறார்.

ஐயா 1980-களில் சொந்தக் காசில் 60 சொச்சம் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பூந்தமல்லியைச் சுற்றி இருந்த சாவடிகள், ஏரிகள், பழைய தோட்டங்கள் பற்றி. கரையான்சாவடி, குமணன்சாவடி என்று எங்கள் பக்கம் வழிநெடுகச் சாவடிதான். வழிப்போக்கன் யாராக இருந்தாலும் உட்கார்ந்து எழுந்து போகிற இடம். நாங்கள் மாணவர்கள் அந்தப் புத்தகத்தை ஆளுக்கொன்று வாங்கினோம், கட்டாயத்தில். யாரும் படிக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஐயா வீட்டில் தண்ணீர் இடுப்பளவு. அவர் அப்போது இல்லை, போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பரணில் இருந்தது தவிர எல்லாக் காகிதமும் கூழாகிவிட்டது. அவருடைய மகள் என்னிடம், "அண்ணா, அப்பா புக்கு ஒண்ணு உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. வகுப்பில் படித்த ஒருத்தனிடமும் இல்லை.

கன்னிமாராவில் இருந்தது. பட்டியலில் தேடி, எண் எழுதிக்கொடுத்து, அரை மணி நேரம் காத்திருந்தேன். கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். பக்கங்கள் மஞ்சளாகி, ஓரத்தில் பூச்சி அரித்து. ஐயாவே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்.

அதைப் புரட்டும்போதுதான் எங்கள் ஏரியாவில் இருந்த ஒரு தோட்டத்தைப் பற்றி அவர் மூன்று பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்தேன். சின்ன வயசில் நாங்கள் சுவர் ஏறிக் குதித்து மாங்காய் அடித்த இடம். ஓட்டு பங்களா ஒன்று, பெரிய கிணறு, அதைச் சுற்றி மரங்கள். ஐயா ஒவ்வொரு மரத்தையும் எண்ணி எழுதியிருக்கிறார்: மா எத்தனை, நாவல் எத்தனை, கிணற்றடியில் நின்ற ஒற்றை இலுப்பை. 2000-களின் நடுவில் அந்த இடத்தை பிளாட் போட்டு விற்றார்கள். ஜேசிபி வந்து ரெண்டே நாளில் முடித்தது. எங்க ஊரில் ஒரு நூலகத்துக்கோ, பிள்ளைகள் விளையாடவோ, அரசாங்கம் அதை வாங்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மனு கூட எழுதவில்லை. நானும்தான். மூணு வருஷம் ஒரு பழைய தோட்டத்துக்குள் உட்கார்ந்து இலவசமாகப் படித்துவிட்டு வந்தவன், என் தெருவில் ஒரு தோட்டம் போகும்போது மாடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். 1830-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க என்று சொன்னது இதற்காகத்தான்.

அந்த மூன்று பக்கத்தையும் நகல் எடுத்து ஐயா மகளிடம் கொடுத்தேன். முழுப் புத்தகத்தையும் தட்டச்சு செய்யும் வேலையை இப்போது நாங்கள் நாலு பேர் பிரித்துக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் ஒரு அச்சுப் பிரதியைத் திரும்பவும் கன்னிமாராவுக்கே அனுப்புவோம்.

அத்தை போன மாதம் போன் செய்தபோது, மெட்ரோ கரையான்சாவடிக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். எதுக்கு அத்தே என்றேன். "எழும்பூருக்கு இன்னொரு தடவ போய் வரணும்டா, அவரப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

நீங்களும் போறதா இருந்தா, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.